காலமறிந்த வணிகர் ஜம்ஷெட்ஜி டாட்டா

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பர் நம் முன்னோர். பதறாத காரியம் சிதறாது என்பவரும் அவரே. முன்னையது விரைக என்கின்றது. பின்னையது பொறுக்க என்கின்றது. இரண்டும் அநுபவத்தில் விளைந்த மொழிகள், இரண்டும் மெய்யே. ஆயினும், தேடிய பொருளை ஒரு புதிய தொழிலில் இட எண்ணுபவன் இவ்விரண்டுக்கும் நடுவே நின்று மயங்குகின்றான். பிறர் புகுமுன் தான் புகுந்தால் சந்தை தனக்காகும். ஆனால் வழியறியாக் காட்டில் முன்னே நடப்பவன் காலிலேதான் முள் தைக்கும். பிறர் பட்ட பாட்டைக் கண்டபின் புகுந்தால் நட்டம் குறையும். ஆனால் அதற்குள் நல்ல இடமெல்லாம் பிறர் கைப்பட்டிருக்கும். முந்துவதா, பொறுப்பதா என்னும் இக் கேள்வியிலே கெட்ட குடும்பங்கள் பல. வாழ்ந்த குடும்பங்களும் பல.

திருவள்ளுவனார் பொருட்பாலிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களையும் அடுத்தடுத்து வைத்தனர். அவை அரசர்க்குக் கூறியனவாயினும் வணிகர்க்கும் ஒத்தனவே. காலத்தை மட்டும் தனியே எடுத்து ஆராய்தல் போதாது. தன் வலியும் மாற்றான் வலியும், தான் நிற்கும் இடமும் உடன் ஆராயப்படல் வேண்டும் என்பதே அம் முறைவைப்பால் நாம் கொள்ளும் கருத்தாகும்.

எமது கல்லூரியின் விழா மலர் வெளிவரும் இவ்வேளையில், பழைய மாணவருள் வணிகத்துறையில் நிற்போரும், மாணவருள் நாளை அத்துறையிற் புகவிருப்போரும் பலர் என்பதை நினைக்கின்றோம். அவர்க்குப் பயன்படுமாறு இம்மூன்று அறிவையும் தம் வாழ்நாளிலே ஒன்றன்பின் ஒன்றாக, சிலவேளை பெருநட்டம் கொடுத்தும், கற்றுக்கொண்ட ஒருவரின் வரலாற்றை இங்கே சுருக்கிக் கூற விழைந்தோம். அவர்தாம் ஜம்ஷெட்ஜி நஸர்வான்ஜி டாட்டா.

இளமையும் முதல் வீழ்ச்சியும்

ஜம்ஷெட்ஜி 1839ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3ஆந் திகதி குஜராத்திலுள்ள நவசாரி என்னும் ஊரிலே பிறந்தார். அவருடைய குலம் பார்சிகளின் குருகுலம். தலைமுறை தலைமுறையாகத் தீ வளர்த்து வழிபாடு செய்துவந்த அக்குடும்பத்தில், முதன்முதலாக வணிகத்தை நாடிப் பம்பாய்க்குச் சென்றவர் அவர் தந்தையார் நஸர்வான்ஜி. மகனும் இளம் பருவத்திலே பம்பாய் சேர்ந்து எல்பின்ஸ்டன் கல்லூரியிற் பயின்று, 1858ஆம் ஆண்டு கல்வியை முடித்தார். அடுத்த ஆண்டிலேயே தந்தையார் அவரை ஹொங்கொங்குக்கு அனுப்பினார். பருத்தியும் அபினும் அக்காலத்துச் சீன வாணிகத்தின் பெரும் பண்டங்கள். டாட்டா குடும்பமும் அவ்விரண்டிலும் ஈடுபட்டிருந்தது. பிற்காலப் பெருமையைக் கூறுமிடத்து இத்தொடக்கத்தை மறைத்தல் முறையன்று.

1861ஆம் ஆண்டு அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. தென்மாகாணங்களின் துறைமுகங்கள் அடைபட்டன. லங்காஷயரின் ஆலைகள் அமெரிக்கப் பஞ்சு இன்றித் தவித்தன. உலகத்தின் கண்ணெல்லாம் பம்பாயின்மீது திரும்பியது. பஞ்சின் விலை ஏற, நகரிலே பொன்மாரி பொழிந்தது. புதிய வங்கிகளும், கடலைத் தூர்த்து நிலமாக்கும் கொம்பனிகளும் நாள்தோறும் முளைத்தன. அவற்றின் பங்குகளை வாங்காதவன் மூடன் என்று கருதப்பட்டான். பங்குச் சந்தையின் முடிசூடா மன்னராக விளங்கிய பிரேம்சந்த் ராய்சந்துடன் நஸர்வான்ஜியும் கூட்டுச் சேர்ந்தார். இலண்டனில் ஓர் இந்திய வங்கியை நிறுவுவதற்காக 1864ஆம் ஆண்டின் இறுதியிலே ஜம்ஷெட்ஜி கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

அவர் இலண்டனில் இருக்கையிலேயே, 1865ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில், போர் முடிந்தது. பஞ்சின் விலை சரிந்தது. யூலை மாதம் முதலாந் திகதி, தவணை ஒப்பந்தங்களைத் தீர்க்கவேண்டிய நாளிலே, பம்பாயின் செல்வம் கானல்நீர் என்பது வெளிப்பட்டது. ஜம்ஷெட்ஜி கையிற் கொண்டு சென்ற பத்திரங்கள் வெறுங் காகிதங்களாயின. வங்கி எழவில்லை, கடனே எழுந்தது.

எம் நாட்டுத் தோட்டக்காரர் இதனை நன்கு அறிவர். ஒரு பருவத்தில் வெங்காயம் விலையேறினால் அடுத்த பருவத்தில் வெற்று நிலமெல்லாம் வெங்காயம் ஆகின்றது. அறுவடை நாளிலே கிண்டிய கூலிக்கும் விலை போதாது. பம்பாயார் செய்ததும் அதுவே. முந்திவிட்டோம் என்று எண்ணியவர் உண்மையில் முந்தவில்லை. கூட்டத்தோடு கூட்டமாகக் கடைசியாக ஏறியவரே அவர். விலை உச்சியில் நிற்கும்போது புகுதல் முந்துதல் ஆகாது.

இந்நிலையில் அவ்விளைஞர் செய்த செயல் ஒன்று நினைக்கத்தக்கது. அவர் ஒளிந்து ஓடவில்லை. கடன்கொடுத்தோரை நேரிற் கண்டு நிலைமையை ஒளியாது உரைத்தார். அவர்தம் நேர்மையை மெச்சிய இலண்டன் வணிகர்கள், மாதம் இருபது பவுண் வேதனத்தில் அவரையே அக்கணக்குகளைத் தீர்க்கும் பொறுப்பாளராக நியமித்தனர். முதல் அழிந்தது, நாணயம் அழியவில்லை. பின்னாளில் அவர் எடுத்த பெருங் காரியங்களுக்கு அதுவே முதலாயிற்று.

இடனறிந்த நாகபுரி ஆலை

ஊர் மீண்டபின், 1868ஆம் ஆண்டு, 21,000 ரூபா முதலுடன் தமக்கென ஒரு வணிகத்தை ஆரம்பித்தார். அடுத்த ஆண்டு சிஞ்ச்பொக்ளியில் நொடித்துக் கிடந்த ஓர் எண்ணெய் ஆலையை வாங்கிப் பருத்தி ஆலையாக மாற்றி, இரண்டு ஆண்டுகளில் இலாபத்துடன் விற்றார். இது கைப்பழக்கத்துக்குச் செய்த சிறு முயற்சி. ஆலைத்தொழில் தமக்கு இயலும் என்பதைச் சிறு செலவில் அறிந்துகொண்டார். பின்னர் இங்கிலாந்து சென்று லங்காஷயரின் நூற்பாலைகளை நுணுகி ஆராய்ந்தார்.

அக்காலத்தில் ஆலை வைப்போர் யாவரும் பம்பாயிலேயே வைத்தனர். ஜம்ஷெட்ஜியோ பருத்தி விளையும் நிலத்தின் நடுவே உள்ள நாகபுரியைத் தேர்ந்தார். அங்கே பஞ்சு அருகில், நிலக்கரி வரோராவில், புகையிரதப் பாதை முன்னரே வந்துவிட்டது, நிலமும் மலிவு. 1874ஆம் ஆண்டு பதினைந்து இலட்சம் ரூபா முதலுடன் கொம்பனி அமைந்தது. சதுப்பு நிலமொன்றை வாங்கித் தூர்க்கத் தொடங்கினர். மண்ணிலே பொன்னைக் கொட்டுகின்றார் என்று எள்ளி, உள்ளூர்ச் சேட் ஒருவர் பணம் கொடுக்க மறுத்தனர் என்றும், டாட்டா மண்ணைக் கொட்டிப் பொன்னை எடுத்தார் எனப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டனர் என்றும் ஒரு கதை வழங்குகின்றது.

விக்டோரியா அரசியார் இந்தியாவின் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்யப்பெற்ற 1877ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதியே ஆலை திறக்கப்பட்டது. ஆதலின் எம்பிரஸ் ஆலை என்று பெயர் பெற்றது. தொடக்கத்தில் மலிவான பொறிகளை வாங்கியது பிழையாயிற்று. நூல் தரம் குன்றியது; ஐந்நூறு ரூபாப் பங்கின் விலை பாதியளவுக்கு வீழ்ந்தது. ஜம்ஷெட்ஜி பிழையை மூடி மறைக்கவில்லை. பழைய பொறிகளை அகற்றி நல்ல பொறிகளை வருவித்தார். ஆலை தலைநிமிர்ந்தது.

இங்கே முந்துதலுக்கு ஒரு சிறந்த உதாரணம் உண்டு. அக்காலத்தில் வளையக் கதிர்ப் பொறி என்னும் புதிய நூற்கும் பொறி அமெரிக்காவில் வழக்கிற்கு வந்திருந்தது. லங்காஷயர் ஆலைக்காரர் அதனை நம்பவில்லை. தாம் பழகிய பொறியே போதும் என்று இருந்தனர். உலகின் ஆலைத்தொழிலுக்கு ஆசானாக விளங்கியவர் ஏற்காததை நாகபுரியிலே ஏற்பதா? ஜம்ஷெட்ஜி வாதம் செய்யவில்லை. இரண்டு பொறிகளை மட்டும் வாங்கி ஓட்டிப் பார்த்தார். நூல் மிகுதியாக வந்தது. பின்னரே ஆலை முழுவதும் அவற்றுக்கு மாற்றப்பட்டது. இவ்வாறு, குருவை முந்திய சீடரானார்.

இம்முந்துதலில் துணிவு உண்டு, சூதாட்டம் இல்லை. பொறி பழுதாயிருந்தால் இரண்டு பொறியின் விலையே நட்டம். நன்றாயிருந்தால் ஆலை முழுவதும் ஆதாயம். சிறிதாக முயன்று பார்க்கக்கூடிய காரியத்தில் காத்திருத்தல் சோம்பலே என்பதை நாகபுரி எமக்குக் காட்டுகின்றது.

மலிவு கண்டு மயங்கியமை

1886ஆம் ஆண்டு பம்பாய்க்கு அருகே குர்லாவில் இருந்த தரம்சி ஆலை விற்பனைக்கு வந்தது. கட்டியெழுப்பியவர் அரை கோடிக்கும் மேல் செலவிட்ட அவ்வாலையைப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாவுக்கு ஜம்ஷெட்ஜி வாங்கினார். சுதேசி ஆலை எனப் பெயரும் இட்டார். நல்ல காலம் பார்த்து வாங்கினார் என்றே பலரும் எண்ணினர். ஆனால் பொறிகள் தேய்ந்தவை, கட்டடம் பழுதானது. இரண்டு ஆண்டுகள் நட்டத்தின்மேல் நட்டம். பங்குகள் விழுந்தன. கடன் கேட்ட இடத்திலே மறுப்பு. குடும்பத்துக்கென ஒதுக்கிவைத்த சொத்தையும் மீட்டு, எம்பிரஸ் ஆலைப் பங்குகளையும் விற்று, அப்பணத்தைக் குர்லாவிலே கொட்டினார். நாகபுரியில் இருந்து தேர்ந்த ஆட்களையும் வருவித்தார். ஆலை ஒருவாறு பிழைத்தது, பின்னர் செழித்தது.

பிறர் நொடித்தபின் மலிவாகப் புகுவதே அறிவுடைமை என்பார் உளர். அவர் குர்லாவை நினைத்தல் வேண்டும். பொறுத்திருந்து வாங்கினும், வாங்கும் பொருளின் உள்ளீட்டைப் பாராது வாங்கினால், முன்னவன் பட்ட கடனைப் பின்னவன் சுமப்பதே பயனாகும்.

வலியறியாக் கப்பற் போர்

நாகபுரி நூலுக்குச் சீனாவும் யப்பானும் நல்ல சந்தைகள். அங்கே கொண்டுசெல்லும் கப்பற் கூலியோ மிகுதி. பி. அன்ட் ஓ. கொம்பனியும் அதனுடன் கூடிய ஐரோப்பியக் கொம்பனிகள் இரண்டும் தாம் வைத்ததே விலையாக நடத்தின. 1893ஆம் ஆண்டு ஜம்ஷெட்ஜி யப்பான் சென்று, நிப்பன் யூசென் கைஷா என்னும் கப்பற் கொம்பனியுடன் உடன்படிக்கை செய்தார். இரு திறத்தாரும் கப்பல் விட்டு நட்டத்தையும் இலாபத்தையும் பங்கிடுவதென முடிவாயிற்று. அவ்வாறு எழுந்ததே டாட்டா கப்பல் வரிசை. இரண்டு கப்பல்களை வாடகைக்கு அமர்த்தி ஓட்டினார்.

அந்தப் பயணத்திலேயே, யொக்கொஹாமாவிலிருந்து வன்கூவர் சென்ற கப்பலில், சிக்காகோ சமய மகாசபைக்குச் சென்றுகொண்டிருந்த சுவாமி விவேகானந்தரை அவர் கண்டு உரையாடினார். அதே சுவாமிகள் 1897ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் எழுந்தருளி, இந்துக் கல்லூரியிலே வேதாந்தம் பற்றி விரிவுரை ஆற்றியமை எம்மவர் மறவாத செய்தி. 1898ஆம் ஆண்டு ஜம்ஷெட்ஜி சுவாமிகளுக்கு ஒரு கடிதம் எழுதி, இந்தியரின் துறவுள்ளத்தை விஞ்ஞான ஆராய்ச்சியிலே திருப்பும் பணிக்கு அவர் துணையை வேண்டினார். கப்பலிலே கண்ட நட்பு ஐந்தாண்டு கழித்தும் அவர் நெஞ்சில் நின்றது.

கப்பற் கதைக்கு மீள்வோம். பழைய கொம்பனியார் வாளா இருப்பரோ? டாட்டாவின் கப்பலில் ஏற்றுவதில்லை என்று கையெழுத்திட்டவர்க்குத் தொன்னுக்கு ஒன்றரை ரூபாவரையும் கூலியைக் குறைத்தனர்; சிலர்க்கு இனாமாகவே ஏற்றினர். முன்னர் ஆதரவு தருவதாக வாக்களித்த பம்பாய் ஆலைக்காரர் ஒருவர்பின் ஒருவராக நழுவினர். இலட்சத்துக்கு மேற்பட்ட ரூபாவை இழந்து, டாட்டா வரிசை சில காலத்திலேயே மறைந்தது. போட்டி மறைந்ததும் கூலி பழையபடி ஏறியது.

அதே கடலில், அதே மாற்றானோடு பொருத யப்பானியக் கொம்பனி மட்டும் நிலைத்தது. ஏன்? யப்பானிய நூற்பாலைச் சங்கத்தார் தம் பஞ்சை அக்கொம்பனியின் கப்பலிலேயே ஏற்றுவதாக ஒப்பந்தத்தாற் கட்டுண்டிருந்தனர்; எதிரி கூலியைக் குறைத்தபோதும் அவர் பெயரவில்லை. பின்னர் அவர் அரசும் பொருளுதவி செய்தது. ஜம்ஷெட்ஜிக்கு இருந்தது நண்பர்தம் வாய்மொழி. கையில் ஆழ்ந்த பணப்பை உடையவன் எதிரே நிற்கும்போது, வாடிக்கையாளரை வாய்மொழியால் அன்றி ஒப்பந்தத்தாற் பிணித்த பின்னரே புகுதல் வேண்டும். காலமும் இடமும் சரியாகவே இருந்தன, வலி கணக்கிடப்படவில்லை.

இரும்புக் கனவு

இனி, அவர் வாழ்க்கையின் தலையாய காரியத்துக்கு வருவோம். 1882ஆம் ஆண்டு, ரிட்டர் வொன் ஸ்வார்ஸ் என்னும் ஜெர்மனிய நிலவியல் அறிஞர் எழுதிய அறிக்கையொன்று ஜம்ஷெட்ஜி கைக்கு வந்தது. மத்திய மாகாணத்தில் சாந்தா மாவட்டத்திலே சிறந்த இரும்புத் தாது உண்டு என்பது அதன் சாரம். நாகபுரிக்கு அயலிலே இரும்பு, வரோராவில் நிலக்கரி. அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. கையிற் பணமும் இருந்தது; புகழும் இருந்தது. முந்துவதற்கு இதனினும் வாய்த்த சமயம் ஏது என்று எவரும் நினைப்பர்.

அவரும் வாளா இருக்கவில்லை. வரோரா நிலக்கரியை ஜெர்மனிக்கு அனுப்பிச் சோதித்தார். அது ஊதுலைக்கு ஏற்றதன்று என்று தெரிந்தது. சுரங்கம் தோண்டும் உரிமைக்கு அரசாங்கம் விதித்த நிபந்தனைகளோ, பொருளிடுவோன் கையைக் கட்டிப்போடுவன. ஆராய்ந்து பார்த்து, கருத்தை ஒருபுறம் வைத்தார்.

முந்தியவர் பட்டதும் அவர் கண்முன்னே இருந்தது. சென்னை மாகாணத்துப் பரங்கிப்பேட்டையிலே ஜொசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830ஆம் ஆண்டளவில் இரும்பாலை நிறுவினார். தாது நல்ல தாது, சேலத்திலிருந்து வந்தது. எரிபொருளோ மரக்கரி. காடு அழிய அழியக் கரி தொலைவாயிற்று, செலவு ஏறியது. அம்முயற்சி கைமாறிக் கைமாறி இறுதியில் அழிந்தது. வங்காளத்திலே 1874ஆம் ஆண்டு தொடங்கிய இரும்பாலையும் ஐந்து ஆண்டுகளில் மூடப்பட்டது. பின்னர் பிறர் கையிலே அது உயிர்பெற்றது.

பஞ்சாலைக்கும் இரும்பாலைக்கும் உள்ள வேற்றுமையை இங்கே நாம் கருதல் வேண்டும். வளையக் கதிரை இரண்டு பொறியிலே சோதிக்கலாம். ஊதுலையைப் பாதியாகக் கட்டிப் பார்க்க இயலாது. தாது, கற்கரி, சுண்ணக்கல், நீர், பாதை என்னும் ஐந்தும் ஓரிடத்திலே கூடல் வேண்டும். கட்டியபின் ஒன்று குறையினும் இட்ட முதல் மீளாது. உலையைப் பெயர்த்து வேறிடம் கொண்டுசெல்லவும் முடியாது. இத்தகைய காரியத்தில், அறியவேண்டியதை அறியுமுன் புகுதல் துணிவன்று.

மற்றொன்றும் உண்டு. பொறுப்பதனால் நேரும் கேடு யாது? பிறன் முந்திவிடுவான் என்பதே. ஆனால் அரசாங்க விதிகள் ஜம்ஷெட்ஜியை மட்டும் தடுக்கவில்லை; எல்லோரையும் தடுத்தன. பூட்டிய கதவின் முன்னே நிற்பவன் பின்னால் நிற்பவனைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. கதவு திறக்கும் நாளில் ஆயத்தமாக நிற்றலே அவன் செய்யத்தக்கது.

அவ்வாறே அவர் நின்றார். பதினேழு ஆண்டுகள் இரும்பு பற்றிய செய்திகளையும் கனிப்பொருள் மாதிரிகளையும் சேர்த்துவந்தார். 1899ஆம் ஆண்டு கேர்சன் பிரபுவின் அரசாங்கம் சுரங்க விதிகளைத் தளர்த்தியது. அதே ஆண்டில் மேஜர் மஹோன் என்பவர் இந்தியாவில் இரும்புத் தொழிலை நிறுவலாம் என்று அறிக்கை வெளியிட்டார். கதவு திறந்தது. அடுத்த ஆண்டே ஜம்ஷெட்ஜி இலண்டனில் இந்திய மந்திரி ஜோர்ஜ் ஹமில்ட்டன் பிரபுவைக் கண்டு ஆதரவு பெற்றார். பதினேழு ஆண்டு பொறுத்தவர், அதன்பின் ஓராண்டும் வீணாக்கவில்லை.

1902ஆம் ஆண்டு, அறுபத்து மூன்று வயதில், அமெரிக்கா சென்றார். பிட்ஸ்பேர்க், கிளீவ்லண்ட், பேர்மிங்ஹாம் முதலிய நகரங்களின் உலைகளை நேரிற் கண்டார். நியூயோர்க்கில் சார்ள்ஸ் பேஜ் பெரின் என்னும் புகழ்பெற்ற பொறியியலாளரின் அலுவலகத்துக்குத் தாமே சென்று, இந்தியாவில் உருக்காலை அமைக்க வருமாறு கேட்டார். முன்பின் அறியாத அம்முதியவரின் முகத்திலே கண்ட உறுதி பெரினை இசையச் செய்தது. பெரின் தம் உதவியாளர் வெல்ட் என்பவரை முதலில் அனுப்பினார்.

வெல்ட்டும், ஜம்ஷெட்ஜியின் மூத்த மகன் டொராப்ஜியும், மருமகன் முறையான ஷாபூர்ஜி சக்லத்வாலாவும் சாந்தாக் காடுகளிலே வெயிலில் அலைந்தனர். கண்ட முடிவு யாது? தாது உண்டு, ஆனால் சிதறிக் கிடக்கின்றது, பேராலைக்குப் போதாது. 1882ஆம் ஆண்டிலே அவசரப்பட்டு அங்கே உலை எழுப்பியிருந்தால் எம்பிரஸ் ஆலை ஈட்டியதெல்லாம் அக்காட்டிலே புதைந்திருக்கும். இருபது ஆண்டுக்குமேற் பொறுத்ததன் ஊதியம் அவ்வொரு செய்தியிலேயே அடங்கிற்று.

பின்னர் டொராப்ஜி நாகபுரியிலே ஒரு நிலவியற் படத்தைக் கண்டு, துர்க் மாவட்டத்துத் தல்லி ராஜாராக் குன்றுகளை அறிந்தார். இரும்பே குன்றாக நின்றது; ஆயினும் அருகில் ஏற்ற நிலக்கரி இல்லை. (இந்தியா விடுதலை பெற்றபின் எழுந்த பிலாய் உருக்காலைக்கு அக்குன்றுகளே தாது அளித்தன. ஒருவனுக்கு வாராத காலம் மற்றொருவனுக்கு வருதல் இவ்வாறே.) 1904ஆம் ஆண்டு பெப்புருவரியில் நிலவியல் அறிஞர் பி. என். போஸ் மயூர்பஞ்ச் சமஸ்தானத்துக் குருமைஷினிக் குன்றைப் பற்றி எழுதிய கடிதமே இறுதியில் வழிகாட்டிற்று. அங்கே தாது, ஜாரியாவிலே நிலக்கரி. சுவர்ணரேகையும் கர்க்காயும் கூடும் சாக்சி என்னும் சிற்றூர் ஆலைக்குரிய இடமாயிற்று.

காத்திருந்ததன் விலை

இவையெல்லாம் நிறைவேறியதை ஜம்ஷெட்ஜி காணவில்லை. 1904ஆம் ஆண்டு மே மாதம் 19ஆந் திகதி ஜெர்மனியிலுள்ள பாட் நௌஹைம் நகரில் அவர் உயிர் நீத்தார். சாக்சி என்னும் பெயரையும் அவர் கேட்டிலர். இங்கிலாந்தில் புரூக்வுட் மயானத்திலே அடக்கம் செய்யப்பெற்றார்.

பொறுமைக்கு விலை இல்லை என்று எவரும் எண்ணற்க. கணக்குப் புத்தகத்திலே எழுதப்படாத விலை அது. பணத்தைக் காத்த பொறுமை, அவர் ஆயுளைச் செலவிட்டது. தம் கனவு பழுக்குமுன் தாம் உதிர்வோம் என்பதை அவர் இறுதி ஆண்டுகளில் உணர்ந்தே இருந்திருப்பார். ஆயினும் விரைந்து கட்டிப் பார்க்கும் ஆசைக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. தாம் காணாவிடினும் நிலைக்கும் ஆலையையே அவர் விரும்பினார். காத்திருப்பவன் தனக்குப்பின் தொடர்வாரையும் ஆயத்தம் செய்தல் வேண்டும். அவருக்கு மக்கள் இருவர் இருந்தனர், ஷாபூர்ஜி இருந்தார், அறிந்து தேர்ந்த பொறியியலார் இருந்தனர். ஆதலின் ஒருவர் மறைய, காரியம் மறையவில்லை.

டொராப்ஜியும் துணைவரும் முதல் திரட்ட இலண்டனை நாடினர். இலண்டன் கைவிரித்தது. அதற்குள் இந்தியாவில் சுதேசி இயக்கம் மூண்டெழுந்திருந்தது. 1907ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆந் திகதி டாட்டா இரும்பு உருக்குக் கொம்பனி பதிவாயிற்று. பம்பாயில் காலையிலிருந்து மாலைவரை மக்கள் கூட்டம் பங்கு வாங்க நின்றது. மூன்று வாரத்திற்குள், ஏறக்குறைய எண்ணாயிரம் இந்தியர், 1,630,000 பவுண் முதலைத் தந்தனர். பின்னர் வேண்டிய 400,000 பவுண் கடனை குவாலியர் மகாராஜா ஒருவரே அளித்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் இந்த மக்கள் உணர்ச்சியும் இல்லை. இந்தப் பணமும் வெளிவந்திராது.

இந்தியர் உருக்குச் செய்வாராயின் அவர் செய்யும் தண்டவாளத்தைத் தாம் உண்பதாக புகையிரத உயர் அதிகாரி ஒருவர் இகழ்ந்தனர் என்பர். 1912ஆம் ஆண்டு சாக்சியில் முதல் உருக்கு வார்க்கப்பட்டது. இரண்டு ஆண்டில் முதலாம் உலகப் போர் மூண்டது. மெசப்பொத்தேமியா முதலிய போர்முனைகளிற் பாதை போட அந்த ஆலையின் தண்டவாளமே சென்றது. போர் முடிந்ததும், 1919ஆம் ஆண்டு, அரசப் பிரதிநிதி செம்ஸ்போர்ட் பிரபு நேரில் வந்து, சாக்சிக்கு ஜம்ஷெட்பூர் என்று பெயரிட்டார்.

அதன்பின் நேர்ந்த ஒன்றையும் சொல்லாது விடுதல் ஆகாது. போர்க்காலச் செழிப்பைக் கண்டு ஆலையைப் பன்மடங்கு பெருக்கத் தொடங்கினர். வேலை முடியுமுன் விலை வீழ்ந்தது. ஐரோப்பிய உருக்கு மலிவாக வந்து குவிந்தது. 1924ஆம் ஆண்டில் சம்பளம் கொடுக்கவும் பணம் இல்லை. டொராப்ஜி தம் சொத்து முழுவதையும், மனைவியாரின் நகைகளையும் ஈடுவைத்து ஒரு கோடி ரூபா கடன் பெற்று ஆலையைக் காத்தார். உச்சியில் நின்று மேலும் ஏற எண்ணும் பிழை, 1865இல் பாட்டனாரை வீழ்த்தியது போலப் பேரனையும் வீழ்த்தப் பார்த்தது. தந்தையார் விட்டுச்சென்ற நாணயமும் தாம் தயங்காது கொடுத்த சொத்துமே அவரைக் காத்தன.

ஜம்ஷெட்ஜியின் மற்றைக் கனவுகளும் இவ்வாறே காலத்திற் பழுத்தன. தம் சொத்திற் பாதியளவை 1898ஆம் ஆண்டு கொடுத்து அவர் விதைத்த விஞ்ஞானக் கழகம், அரசாங்கத்தின் தயக்கத்தைக் கடந்து 1909ஆம் ஆண்டே பெங்களூரில் நிறுவப்பெற்றது. மேற்குமலையின் மழைநீரிலே மின்சாரம் எடுக்கும் எண்ணம் 1915ஆம் ஆண்டு நிறைவேறியது. அவர் தம் கண்ணாற் கண்டு மகிழ்ந்தது 1903ஆம் ஆண்டு திறந்த தாஜ்மகால் ஹோட்டல் ஒன்றே.

நாம் கொள்ளவேண்டியது

முந்துவதா, பொறுப்பதா என்னும் கேள்விக்கு ஜம்ஷெட்ஜியின் வாழ்க்கை ஒரே விடையைத் தரவில்லை. அதுவே அதன் சிறப்பு என்று நாம் கருதுகின்றோம். வளையக் கதிரில் முந்தினார்; வென்றார். கப்பலில் முந்தினார், தோற்றார். பஞ்சுப் பத்திரத்தில் முந்துவதாக எண்ணிப் பிந்தினார், அழிந்தார். உருக்கிலே பொறுத்தார், அவர் பொறுமை அவருக்குப்பின் வென்றது.

ஆதலின், பொருளை ஒரு தொழிலில் இட எண்ணும் அன்பர் தம்மையே சில கேள்வி கேட்டல் நன்று. இதனைச் சிறிதாகச் செய்து பார்க்க வழி உண்டா? உண்டெனின் இன்றே செய்க. இட்ட முதல் மீளாத காரியமா? ஆயின், பொறுத்திருப்பதால் அறியக்கூடியது யாது என்று ஆராய்க. அறியக்கூடியது ஒன்றும் இல்லையெனின் பொறுமை அச்சத்தின் மறுபெயரே. நாம் பொறுக்கும் காலத்திற் பிறர் புகக்கூடுமா, அன்றிக் கதவு யாவர்க்கும் பூட்டியுள்ளதா? எதிரே நிற்பவன் நம்மினும் நீண்ட நாள் நட்டம் தாங்கவல்லனா? அயலார் எல்லோரும் ஓடுவதனால் நாமும் ஓடுகின்றோமா? இக்கேள்விகளுக்கு நேர்மையாக விடை கண்டவன் பெரும்பாலும் பிழையான், பிழைப்பினும் மீள்வான்.

மாணவர்க்கு ஒரு சொல். காத்திருத்தல் என்பது திண்ணையில் இருத்தல் அன்று. ஜம்ஷெட்ஜி காத்திருந்த பதினேழு ஆண்டும் படித்தார், மாதிரி சேர்த்தார், கேட்டார், கணக்கிட்டார். நீவிர் இக்கல்லூரியிற் கழிக்கும் ஆண்டுகளும் அத்தகைய ஆண்டுகளே. கதவு எந்நாளில் திறக்கும் என்பது எவர்க்கும் தெரியாது. திறக்கும் நாளில் உள்ளே புகும் தகுதியை இங்கே ஈட்டிக்கொள்க என்று வாழ்த்தி அமைகின்றோம்.